இணையவழியில் ஒரு முதுநிலைப் பட்டம்: கல்வித் தொழில்நுட்பம் படிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

கல்வித் தொழில்நுட்பமும் கல்வித் தலைமைத்துவமும் சேர்ந்த முதுநிலைப் படிப்பைப் பணியில் இருந்தபடியே இணையவழியில் படிக்கலாமா என்று கேட்டு ஆசிரியர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

நான் எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட். பட்டமும் பெற்று அரசு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்து வருகிறேன். கல்வித் தொழில்நுட்பம் என்பது கணினி மென்பொருள்களைக் கற்றுத்தரும் படிப்புதானா? அதனுடன் தலைமைத்துவத்தை ஏன் சேர்க்கிறார்கள்?
– பட்டதாரி ஆசிரியை, பட்டுக்கோட்டை

மென்பொருளை இயக்கப் பழகுவது இந்தப் படிப்பின் மிகச் சிறிய பகுதியே. அதற்கு இரண்டு நாள் பயிற்சி முகாம் போதும். இரண்டு ஆண்டுகள் செலவிட வேண்டியதில்லை. மாணவர் ஒரு கருத்தை எவ்வாறு உள்வாங்குகிறார், எந்த இடத்தில் தடுமாறுகிறார், அந்தத் தடுமாற்றத்தை நீக்க எந்த ஊடகம் உதவும், உதவியதா இல்லையா என்பதை எப்படி அறிவது ஆகிய கேள்விகளே இதன் மையம். பாடங்களை முறையாக வடிவமைப்பதற்கு இன்றும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கற்பிக்கப்படும் ஐந்து படிநிலைகள் (பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு) 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில், அந்நாட்டு ராணுவத்தின் பயிற்சித் தேவைக்காக வகுக்கப்பட்டவை. கணினி வகுப்பறைக்குள் வருவதற்கு முன்பே இத்துறை வேரூன்றிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் முன்வைத்த கருத்தையும் இப்படிப்பில் விரிவாகப் பார்ப்பீர்கள். பாட அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் தனித்தனியே இருந்தால் பயனில்லை என்பதும், மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல ஆசிரியர் நிற்கிறார் என்பதும் அதன் சாரம். நீங்கள் இயற்பியல் ஆசிரியை என்பதால் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒளிவிலகலை அசைவூட்டப் படமாகக் காட்டுவது யாராலும் முடியும். ஆனால் கண்ணாடிப் பட்டகத்தையும் குண்டூசிகளையும் வைத்து மாணவரே செய்து பார்க்க வேண்டிய சோதனை எது, கண்ணால் காண முடியாததால் திரையில் காட்ட வேண்டிய நிகழ்வு எது என்று பிரித்தறிவதற்கு இயற்பியலும் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளையும் தெரிந்திருக்க வேண்டும்.

தலைமைத்துவம் ஏன் சேர்ந்தது என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகளில் நடந்ததைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். அந்நகரின் பள்ளிக் கல்வி வாரியம் 2013இல், தன்கீழுள்ள ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அனைவருக்கும் ஐபேட் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இணைய இணைப்பு வசதிகளையும் சேர்த்து அதன் மதிப்பீடு 130 கோடி டாலர். சில வாரங்களிலேயே மாணவர்கள் கருவியின் பாதுகாப்புத் தடைகளைத் தாண்டிவிட்டார்கள். கருவியில் இருக்க வேண்டிய பாடங்கள் முழுமை பெறவில்லை, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, கொள்முதல் முறை குறித்தும் கேள்விகள் எழுந்தன. 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் அந்நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் பதவி விலகினார். அங்கே கருவியில் பெரிய குறை எதுவும் இல்லை. எதற்காக வாங்குகிறோம், யார் பயன்படுத்தப் போகிறார்கள், அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்களா என்ற கேள்விகளைக் கேட்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர்கள் உரிய நேரத்தில் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குவதுதான் இப்படிப்பின் தலைமைத்துவப் பகுதி. வரவு செலவுத் திட்டம், கொள்முதல், சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தல், மாற்றத்தை எதிர்ப்பவர்களின் நியாயத்தைக் கேட்டறிதல், மாணவரின் தனிப்பட்ட தகவல்களைக் காத்தல் ஆகியவை அதில் அடங்கும். கடைசியாகச் சொன்னதை இப்போது சட்டமும் வலியுறுத்துகிறது: நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. ஒரு செயலியில் வகுப்பு மாணவர்களின் பெயர்களைப் பதிவேற்றும் ஒவ்வோர் ஆசிரியரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்த பட்டத்தை இந்தியாவில் எங்கே படிக்கலாம்?
– தனியார் பள்ளி ஒருங்கிணைப்பாளர், கோயம்புத்தூர்

கல்வித் தொழில்நுட்பத் தலைமைத்துவம் என்று இரண்டையும் ஒரே பட்டத்தின் பெயரில் இணைப்பது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கம். நம் நாட்டில் இவை பெரும்பாலும் இரு கிளைகளாகவே வளர்ந்துள்ளன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, வழங்கும் எம்.ஏ. கல்வியியல் படிப்பின் பாட அமைப்பைப் பார்த்தாலே இது தெரியும். உயர்கல்வி, தொலைநிலைக் கல்வி, கல்வித் தொழில்நுட்பம், கல்வி மேலாண்மை என்று அதில் சிறப்புப் பிரிவுகள் உள்ளன. மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதே பல்கலைக்கழகம் கல்வித் தொழில்நுட்பத்திலும், கல்வி மேலாண்மை மற்றும் நிர்வாகத்திலும் தனித்தனியே முதுநிலைப் பட்டயப் படிப்புகளை வகுத்துள்ளது. ஆகவே எம்.ஏ. பட்டத்தில் தொழில்நுட்பத்தைச் சிறப்புப் பிரிவாக எடுத்துக்கொண்டு, பின்னர் மேலாண்மையில் பட்டயம் பெறுவது நம் ஊர் ஆசிரியருக்குக் கைக்கெட்டும் வழி. செலவும் ஆயிரங்களில்தான் இருக்கும். வெளிநாட்டுப் பட்டங்களைப் போல லட்சங்களில் போகாது. நீங்கள் சேரும் பருவத்தில் எந்தெந்தப் படிப்புகளுக்குச் சேர்க்கை திறந்திருக்கிறது என்பதை மட்டும் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலேயே நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தொலைநிலைக் கல்வி என்பது அச்சிட்ட அல்லது மின்வடிவப் பாடநூல்களையும், கற்போர் மையங்களையும், தேர்வு மையங்களையும் கொண்டு நடப்பது. இணையவழிப் படிப்பு என்பது காணொளி, மின்பாடம், கலந்துரையாடல், தேர்வு ஆகிய அனைத்தும் இணையத்திலேயே நடப்பது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி அளிக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்பதாலேயே அதே படிப்பை இணையவழியிலும் நடத்தலாம் என்று ஆகிவிடாது.

மும்பையில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம் கல்வியையும் தொழில்நுட்பத்தையும் இணைத்து ஒரு முதுகலைப் படிப்பை உருவாக்கியுள்ளது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பவியலுக்கென்றே ஒரு துறை இருப்பதை, நேரில் சென்று படிக்க வாய்ப்புள்ளவர்கள் நினைவில் கொள்ளலாம். வெளிநாடுகளில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் கல்வித் தொழில்நுட்பத்தில் முழுமையான இணையவழி முதுநிலைப் பட்டத்தை 2002 முதல் நடத்தி வருகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகமும் இத்துறையில் நெடிய அனுபவம் உடையது.

இணையவழியில் பெற்ற பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையாகுமா? என் அண்ணன், "காசும் போய்விடும், பட்டமும் செல்லாது" என்று பயமுறுத்துகிறார்.
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் அண்ணனின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 2020 செப்டம்பர் 4ஆம் நாள் வெளியான யுஜிசி விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற உயர்கல்வி நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம், நேரடி வகுப்பில் வழங்கப்படும் அதே பட்டத்துக்கு இணையானது. இதை யுஜிசி 2022 செப்டம்பரில் மீண்டும் ஓர் அறிவிப்பால் தெளிவுபடுத்தியது. ஆகவே அனுமதி பெற்ற நிறுவனம் என்ற நிபந்தனை நிறைவேறினால் பட்டம் செல்லும். அது நிறைவேறாவிட்டால் உங்கள் அண்ணன் சொன்னதே நடக்கும்.

யுஜிசியின் தொலைநிலைக் கல்விக் குழுமம் ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும், ஒவ்வொரு நிறுவனமும் எந்தெந்தப் படிப்புகளுக்கு அனுமதி பெற்றுள்ளது என்பதையும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் பருவமும் அங்கே இருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல், இத்தகைய படிப்புகளில் சேரும் ஒவ்வொருவரும் அந்தக் குழுமத்தின் தளத்தில் தமக்கென ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறையும் வந்துள்ளது. இந்த எண்ணைக் கேட்காமலேயே பணத்தை வாங்கிக்கொண்டு சேர்க்கை முடிந்தது என்று ஒருவர் சொன்னால், அங்கிருந்து உடனே விலகிவிடுங்கள்.

இரண்டு ஆசைகாட்டல்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, வீட்டிலிருந்தே எம்.எட். படிக்கலாம் என்பது. எம்.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ள, நேரில் சென்று படிக்க வேண்டிய இரண்டாண்டுப் படிப்பு, எம்.ஏ. கல்வியியல் அதிலிருந்து வேறானது. இவ்விரண்டையும் குழப்பிப் பேசும் முகவர்களை நம்ப வேண்டாம். மற்றொன்று, உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பலகை மாட்டி, தொலைதூரப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தைத் தாங்களே வாங்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சி மையம். பட்டம் வழங்கும் பொறுப்பைத் தனியாருக்குக் கிளை உரிமமாக விட்டுக்கொடுக்க யுஜிசி விதிகளில் இடமில்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே செல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி முதுநிலைப் பட்டத்தை இந்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று தவணை முறைக் கட்டணத்தில் தருவதாக விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?
– வாசகர், சென்னை

சேர வேண்டாம். யுஜிசியின் அங்கீகாரம் இல்லாத இத்தகைய கூட்டு ஏற்பாடுகளின் வழியே பெறும் பட்டங்கள் செல்லாது என்று யுஜிசி 2023 டிசம்பரில் வெளிப்படையாக எச்சரித்தது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைநிலை வழங்குவதற்கென 2025 ஏப்ரலில் வெளியான விதிமுறைகளும், கிளை உரிம ஏற்பாட்டில் பெறும் பட்டங்களை ஏற்பதில்லை.

இடைத்தரகர் இல்லாமல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே நேரடியாகச் சேர்ந்து படிப்பது வேறு. அங்கே கற்பது உங்களுக்கு உண்மையான அறிவாகவே இருக்கும். பன்னாட்டுப் பள்ளிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் அது மதிக்கப்படவும் கூடும். ஆனால் அப்படிப் படித்த பட்டம் இந்திய அரசுப் பணிக்கோ ஆய்வுப் படிப்புக்கோ தானாக ஏற்கப்படும் என்று எண்ணிக்கொண்டு பல லட்சம் ரூபாய் கடன் வாங்காதீர்கள். எந்த வேலைக்காகப் படிக்கிறீர்களோ, அந்த வேலையைத் தரும் இடத்தில், சேர்வதற்கு முன்பே எழுத்து வடிவில் பதில் பெறுங்கள்.

நான் அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர். இந்தப் பட்டத்தால் ஊக்க ஊதியமோ பதவி உயர்வோ கிடைக்குமா?
– ஆசிரியர், திருவண்ணாமலை

உயர்கல்வித் தகுதிக்காகத் தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்களுக்கு வழங்கப்பட்டு வந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னர் ஒருமுறை மட்டும் வழங்கப்படும் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு வந்தது. மாதந்தோறும் ஊதியத்தோடு சேரும் பழைய நன்மையை மனத்தில் வைத்துக்கொண்டு இதில் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். தலைமை ஆசிரியர் பதவி உயர்வும் பணிமூப்புப் பட்டியலை ஒட்டியே நடக்கிறது. கல்வித் தொழில்நுட்பப் பட்டம் அந்தப் பட்டியலில் உங்களை முன்னே நகர்த்தாது. முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் ஆவதற்கும், கற்பிக்கப்போகும் பாடத்திலேயே முதுநிலைப் பட்டம் வேண்டும்.

கதவுகள் திறக்கும் இடங்களும் உண்டு. எம்.ஏ. கல்வியியல் முடித்தவர் கல்வியியலைப் பாடமாகக் கொண்டு, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு (நெட்) எழுதலாம். முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்லலாம். பி.எட். கல்லூரிகளில் கல்வியியல் அடிப்படைகளைக் கற்பிக்கும் பணிக்கு, 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு எம்.ஏ. கல்வியியலும் அதே அளவு மதிப்பெண்ணோடு பி.எட். பட்டமும் பெற்றவர்களை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் தகுதியுடையவர்களாக ஏற்கின்றன. பாடநூல் உருவாக்கம், கல்வித் தொலைக்காட்சி, மின்பாடத் தயாரிப்பு போன்ற பணிகளுக்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கப்படும்போதும் இந்தப் பயிற்சி நிச்சயமாகக் கைகொடுக்கும்.

சேர்வதற்கு முன் துறையின் முன் அனுமதியை முறைப்படி பெற்று, அந்த ஆணையைப் பணிப்பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். முன் அனுமதி இல்லாமல் படித்து முடித்த பின் அதைப் பதிவு செய்ய அலையும் ஆசிரியர்களின் கடிதங்கள் இப்பகுதிக்கு எத்தனையோ வந்துள்ளன. ஒரே ஒரு விண்ணப்பத்தால் தவிர்த்திருக்கக் கூடிய துன்பம் அது.

எனக்கு இரண்டு சிறு குழந்தைகள். மலைப்பகுதியில் இணைய இணைப்பும் சரியாகக் கிடைப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவள் என்பதால் ஆங்கிலத்தில் எழுதவும் தயக்கமாக இருக்கிறது. என்னால் முடியுமா?
– ஆசிரியை, கோத்தகிரி

முடியும் என்று வெறும் ஆறுதலாகச் சொல்ல விருப்பமில்லை, கணக்கைப் பார்ப்போம். திறந்தநிலைக் கல்வியில் ஒரு மதிப்பு அலகு (கிரெடிட்) என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு அலகுகள் கொண்ட ஒரு தாள் 120 மணி நேரத்தைக் கேட்கும். ஓர் ஆண்டில் நான்கு தாள்களை முடிப்பதென்றால், நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தை வீட்டில் யார் உங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே கணவரோடும் மாமியாரோடும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டாண்டுப் படிப்பை முடிக்கக் கூடுதல் ஆண்டுகள் அனுமதிக்கப்படுகின்றன என்பதால், குழந்தைகளின் வயதை எண்ணி முதலாம் ஆண்டில் பாதித் தாள்களை மட்டும் எழுதுவதில் தவறேதும் இல்லை.

இணைப்பு சரியில்லாத இடத்தில் வாழ்பவருக்கு முழு இணையவழிப் படிப்பைவிடத் தொலைநிலைப் படிப்பே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். கையில் பாடநூல் இருந்தால் மழைக்காலத்தில் அலைபேசிக் கோபுரம் செயலிழந்தாலும் படிப்பு நிற்காது. மதிப்பீட்டில் 30 விழுக்காடு வரை ஒப்படைப்புகளுக்கும், குறைந்தது 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கும் உரியது. ஒப்படைப்புகளை உரிய நாளுக்கு முன்பே எழுதிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

மொழியைப் பொறுத்தவரை, இக்னோவின் எம்.ஏ. கல்வியியல் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடக்கிறது. முதலில் ஒவ்வொரு பாடப் பகுதியையும் படித்து, அதன் கருத்தைத் தமிழில் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் எழுதுங்கள். கருத்து தமிழில் தெளிந்துவிட்டால் ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களில் எழுதுவது கடினமன்று. கல்வித்துறையில் மதிப்பெண் கருத்துக்கும் எடுத்துக்காட்டுக்கும்தான். அழகான ஆங்கிலத்துக்கு அன்று. வகுப்பறை எடுத்துக்காட்டுகளில் உங்களை மிஞ்ச யாராலும் முடியாது. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் தளத்தில் 2017 முதல் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய பாடங்கள் பல உள்ளன. அவற்றில் கல்வித் தொழில்நுட்பம் தொடர்பான ஒன்றை முதலில் முடித்துப் பாருங்கள்; பட்டப் படிப்பில் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த அனுபவமே உதவும்.

என் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது, ஹைடெக் லேப் இருக்கிறது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தமிழைத் தடுமாறாமல் வாசிப்பதில்லை. கருவிகளால் ஆகாததை இந்தப் பட்டம் எப்படிச் செய்துவிடும்?
– தலைமை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

ஐயா, வந்த கடிதங்களிலேயே மிக முக்கியமான கேள்வி உங்களுடையது. தொழில்நுட்பத்தின் பேரில் ஊக்கமாகப் பேசும் பலர் இதைக் கேட்கத் துணிவதில்லை.

பெரு நாடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வழங்கியது. கிராமப்புறங்களில் உள்ள 319 தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பின் ஆய்வு செய்த பொருளியலாளர்கள், கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சியில் முன்னேற்றம் எதையும் காணவில்லை என்று 2012இல் அறிவித்தார்கள். கணினி வந்தது, கற்பித்தல் முன்பிருந்தபடியே இருந்தது.

அதற்கு மாறான முடிவு நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. டெல்லியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 619 மாணவர்களைக் கொண்டு கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. பள்ளி நேரத்துக்குப் பிறகு இயங்கிய மையங்களில், ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கணினி முதலில் கண்டறிந்து, அந்த நிலையிலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. கூடவே சிறு குழுக்களுக்கு ஆசிரியர் ஒருவரின் துணையும் இருந்தது. நான்கரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. அந்த ஆய்வில் கண்ட இன்னொரு செய்தி உங்கள் பள்ளிக்கும் பொருந்தும்: ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள், ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நான்கரை வகுப்புகளாக விரிந்திருந்தது. வகுப்புக்குரிய பாடத்தை மட்டுமே நடத்தினால், ஸ்மார்ட் போர்டில் நடத்தினாலும் கரும்பலகையில் நடத்தினாலும், அந்தப் பிள்ளைகளுக்கு எட்டாது.

இரண்டு நாடுகளிலும் கணினி இருந்தது. டெல்லியில் மட்டும் பிள்ளையின் நிலையை அறிந்து, அதற்கேற்பப் பாடத்தை அமைத்து, நேரம் ஒதுக்கி, துணைக்கு ஆள் வைத்தார்கள். இவை அனைத்தும் நிர்வாக முடிவுகள்; தலைமை ஆசிரியரின் மேசையில் எடுக்கப்பட வேண்டியவை. ஹைடெக் லேபுக்கு வாரத்தில் எந்த வகுப்பு எத்தனை பாடவேளை செல்கிறது, அது தேர்வுப் பதிவுகளுக்கும் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதியும் வேலைகளுக்கும் மட்டுமே பயன்படுகிறதா, பழுதானால் யாரிடம் சொல்ல வேண்டும், வாசிக்கத் தடுமாறும் பத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எந்த ஆசிரியரிடம் இருக்கிறது என்பவை உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் கேள்விகள்.

பெருந்தொற்றுக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அப்போது பெரிதும் உதவியது. அலைபேசி வழியே நடந்த வகுப்புகளின் நிலை வேறாக இருந்தது. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை நாடு தழுவிய அளவில் கணிக்கும் அசர் ஆய்வின்படி, திறன்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகளின் பங்கு 2018இல் 36.5 விழுக்காடாக இருந்து 2021இல் 67.6 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் அந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைக்கு அந்தத் திறன்பேசி வரவே இல்லை. அந்த இடைவெளியை இட்டு நிரப்ப 2021 அக்டோபரில் தமிழ்நாடு கண்ட வழி இல்லம் தேடிக் கல்வி: தெருத் திண்ணையில் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது. எப்போது திரை வேண்டும், எப்போது திண்ணை வேண்டும் என்று முடிவு செய்யத் தெரிந்தவரையே கல்வித் தொழில்நுட்பம் கற்றவர் என்று நான் சொல்வேன். பட்டம் உங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தராது. ஆனால் இத்தகைய சான்றுகளைத் தேடிப் படித்து, உங்கள் பள்ளிக்கு எது பொருந்தும் என்று எடைபோடும் பழக்கத்தை ஒரு நல்ல முதுநிலைப் படிப்பு நிச்சயமாகத் தரும். உங்களுக்குப் பணி ஓய்வு நெருங்கிவிட்டதென்றால், இந்தப் படிப்பில் சேர உங்கள் இளைய ஆசிரியர் ஒருவரை ஊக்குவித்து, அவர் கற்று வந்து சொல்வதைச் செய்து பார்க்க இடம் கொடுங்கள். அதுவும் தலைமைத்துவமே.

நான் மென்பொருள் பொறியாளர், ஆசிரியராகப் பணியாற்றியதில்லை. கல்விச் செயலிகளை உருவாக்கும் நிறுவனத்தில் சேர இந்தப் பட்டம் உதவுமா?
– வாசகர், பெங்களூரு

உதவும். ஆனால் சேர்வதற்கு முன் ஆறு மாதமாவது, வார இறுதிகளிலேனும், ஏதேனும் ஒரு பள்ளியிலோ மாலை நேர மையத்திலோ பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். அந்த அனுபவம் இல்லாமல் படித்தால் பாடநூலில் உள்ள கோட்பாடுகள் உங்களுக்கு வெறும் பெயர்களாகவே தெரியும்.

எம்.ஏ. கல்வியியல் படிப்பில் சேர்ந்துவிட்டேன். ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பை எடுக்கலாம்? செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதினால் மதிப்பு கூடும் என்கிறார்கள்.
– ஆசிரியை, நாகர்கோவில்

தலைப்பின் புதுமையால் ஆய்வேட்டின் மதிப்பு கூடுவதில்லை. உங்கள் கைக்கெட்டும் தரவு எது என்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் (கியூஆர் கோடு) அச்சிடப்பட்டு, அவற்றைத் திறன்பேசியால் வருடினால் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் தளமான திக்‌ஷா தளத்தில் உள்ள காணொளிகள் திறக்கும்படி செய்யப்பட்டுள்ளது. உங்கள் ஒன்றியத்தில் உள்ள சில பள்ளிகளில், எந்தப் பாட ஆசிரியர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள், எந்த இடத்தில் காணொளியைப் பாதியில் நிறுத்தி விளக்குகிறார்கள், பயன்படுத்தாதவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று நேரில் கண்டு எழுதினால், அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் மதிக்கப்படும் ஆய்வாக அமையும். செயற்கை நுண்ணறிவில் உங்களுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், ஒன்பதாம் வகுப்பு மாணவர் எழுதிய தமிழ்க் கட்டுரைகளை அத்தகைய கருவி ஒன்றிடமும், அனுபவமுள்ள தமிழாசிரியர்கள் இருவரிடமும் கொடுத்துத் திருத்தச் செய்து, எந்தப் பிழைகளை யார் கண்டார்கள், யார் தவறவிட்டார்கள் என்று ஒப்பிடுங்கள்.

எதை எடுத்தாலும், பள்ளித் தலைமை ஆசிரியரின் எழுத்துவழி அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதலையும் முதலிலேயே பெறுங்கள். மாணவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் பயன்படுத்துங்கள். முன்மொழிவை வழிகாட்டியிடம் ஒப்படைக்கும் முன், உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுத்து, ஆய்வு முடிந்ததும் அதிலிருந்து அவருக்குத் தெரிய வேண்டியது என்ன என்று கேளுங்கள். அவர் சொல்லும் கேள்வியையும் உங்கள் ஆய்வு வினாக்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.